மைக்ரோகர்னல் சிஸ்டத்தில் அன்றாட மென்பொருள்களை ஓட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் மைக்ரோகர்னல் என்று இரண்டு பக்கம் வரும். எல்லா வேலையையும் கர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே வைக்கும் மோனோலித்திக்குக்கும், பெரும்பாலானவற்றை வெளியே வைக்கும் மைக்ரோகர்னலுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணை போட்டு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதோடு அந்தப் பாடம் முடிந்துபோகிறது. அப்படி முடியக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். பர்கூரிலோ தருமபுரியிலோ பொறியியல் படிக்கும் மாணவரிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தால் போதும். ஒரு மைக்ரோகர்னல் சிஸ்டத்தை ஏற்றி, அதில் தமிழில் ஒரு கடிதம் அடித்து, சேமித்து, ஒரு பிடிஎஃப் திறந்து, ஒரு இணையப் பக்கத்தையும் பார்த்துவிட முடியும். இந்த நான்கு வேலைகள்தான் நம் இலக்கு. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு நாளில் நடப்பதும் ஏறக்குறைய இவைதான்.

எந்த சிஸ்டம் நல்லது என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். நமக்கு வேண்டிய நிரல் எது, அது எந்த வழியாக அந்த சிஸ்டத்துக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்தே தெளிவாகிவிடும்.

நிரல் உள்ளே வரும் வழிகள்

மைக்ரோகர்னலில் கர்னல் செய்யும் வேலை மிகக் குறைவு. மெமரியைப் பிரித்துக் கொடுக்கும், த்ரெட்களை மாற்றி மாற்றி ஓட்டும், ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும். டிரைவர், ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் வெளியே தனித்தனி ப்ராசஸ்களாக ஓடுகின்றன. வீடு முழுவதற்கும் ஒரே ஃப்யூஸ் போடாமல் அறைக்கு ஒன்று போடுவது போல. ஒன்று போனால் மற்ற அறைகளில் விளக்கு எரியும்.

ஆனால் லிப்ரே ஆபீஸோ ஃபயர்பாக்ஸோ இந்த ஏற்பாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. அவை எதிர்பார்ப்பது யூனிக்ஸ் பாணி சிஸ்டம் கால்களை, அதாவது நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை. அதனால் அவற்றை உள்ளே கொண்டுவர நான்கு வழிகள் உருவாகியிருக்கின்றன.

முதல் வழி, சி நூலகத்தையே புதிய சிஸ்டத்துக்கு ஏற்றதாக மாற்றி, நிரலை மறுபடி கம்பைல் செய்வது. நாம் பார்க்கப்போகும் குனு ஹர்ட், ரெடாக்ஸ் என்ற இரண்டு மைக்ரோகர்னல் சிஸ்டங்களும் இதைத்தான் செய்கின்றன. இரண்டாவது, அந்த சிஸ்டத்தின் சொந்த முறைக்கே நிரலை எழுதுவது அல்லது திருத்துவது. மூன்றாவது, லினக்ஸ் முழுவதையும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் வைத்து மைக்ரோகர்னலின் மேல் ஓட்டுவது. நான்காவது, லினக்ஸுக்குக் கம்பைல் ஆன பைனரியையே அப்படியே ஏற்று, அதன் சிஸ்டம் கால்களை மொழிபெயர்ப்பது. கூகுளின் ஃபியூஷா சிஸ்டத்தில் ஸ்டார்னிக்ஸ் என்ற பகுதி இதைச் செய்கிறது. நம் மேஜைக் கணினிக்கு முதல் மூன்றும்தான் கைகொடுக்கும்.

"மைக்ரோகர்னல் என்றால் மெதுவாக இருக்குமே" என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் கர்னலில் செய்தி கடத்துவது உண்மையிலேயே மெதுவாக இருந்தது. அந்தக் கெட்ட பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1990களில் யோகென் லீட்கே எழுதிய எல்4 அந்தக் கணக்கை மாற்றியது. 1997இல் வெளிவந்த ஆய்வில், எல்4 மேல் ஓடிய லினக்ஸ், ஏஐஎம் என்ற வேக அளவீட்டில் நேரடி லினக்ஸைவிட 5 சதவீதம் மட்டுமே பின்தங்கியது. அதே சோதனையில் மாக் மேல் ஓடிய லினக்ஸின் இழப்பு அதைப்போல 5 மடங்கு முதல் 7 மடங்கு வரை இருந்தது. ஆக, மெதுவானது மாக். மைக்ரோகர்னல் என்ற யோசனையையே அதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை.

கணினியைத் தயார் செய்தல்

அரசு கொடுத்த இலவச லேப்டாப் நம் ஊரில் பல வீடுகளில் மூலையில் கிடக்கிறது. 4 ஜிபி ரேம் இருந்தால் அதில் ஹர்டையும் ரெடாக்ஸையும் க்யூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் வழியாக ஓட்டிப் பார்க்கலாம். ஸ்கல்ப்ட் என்ற மூன்றாவது சிஸ்டத்துக்கு மட்டும் கொஞ்சம் நல்ல கணினி வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய திங்க்பேட் வாங்குவதாக இருந்தால், கிராபிக்ஸ், வைஃபை இரண்டும் இன்டெலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்கல்ப்டுக்கு அதுதான் ஒத்துவரும்.

முதலில் லேப்டாப்பில் டெபியன், உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் இருக்கட்டும். பயாஸுக்குள் போய் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் என்ற அமைப்பை இயக்குங்கள். பல லேப்டாப்களில் அது அணைந்தே வரும். அப்புறம் க்யூஎமு பேக்கேஜை நிறுவி, உங்கள் பயனர் பெயரைக் கேவிஎம் குழுவில் சேர்த்துவிடுங்கள். மெய்நிகர் கணினியை வேகமாக ஓட்டும் லினக்ஸ் வசதிதான் கேவிஎம். கேவிஎம் இல்லாமலும் க்யூஎமு ஓடும். ஆனால் அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு மைக்ரோகர்னலைத் திட்டுவீர்கள். அதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

குனு ஹர்ட்: பேக்கேஜ்கள் நிறைய உள்ள இடம்

குனு திட்டம் 1990இல் தொடங்கிய ஹர்ட், குனு மாக் என்ற கர்னலின் மேல் ஓடும் சர்வர்களின் தொகுப்பு. டெபியன் குனு/ஹர்ட் 2025 வெளியீட்டில் 64 பிட் ஆதரவு வந்துவிட்டது. டெபியன் களஞ்சியத்தில் ஏறக்குறைய 72 சதவீதம் இதற்குக் கம்பைல் ஆகிறது. சாதாரண மென்பொருளைத் தேடுபவருக்கு இது பெரிய செல்வம்.

டெபியன் தளத்தில் ஏற்கெனவே நிறுவப்பட்ட வட்டு இமேஜ் கிடைக்கும். அதை இறக்கி விரித்தபின், நேரடியாக அதன்மேல் வேலை செய்யாதீர்கள். க்யூஎமுவின் க்யூகவ்2 வடிவத்தில் அதற்கு மேலடுக்கு ஒன்றை உருவாக்கி, அதைக்கொண்டு பூட் செய்யுங்கள். காரணம், ஹர்ட் பயன்படுத்தும் இஎக்ஸ்டி2 ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு, கிடையாது. லேப்டாப் பேட்டரி செத்துப்போன நிலையில் கரண்ட் போனால், அடுத்த பூட்டில் வட்டு முழுவதையும் சோதிக்கும், சில கோப்புகள் போகவும் போகலாம். அடிப்படை இமேஜ் தொடாமல் இருந்தால் மேலடுக்கைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஒரு படி நிறைய நேரத்தைக் காப்பாற்றும்.

க்யூஎமு அமைப்பில் ரேம் 1 முதல் 2 ஜிபி போதும். வட்டைச் சாதாரண ஐடிஇ அல்லது சாட்டாவாக வையுங்கள். லினக்ஸ் பழக்கத்தில் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் வட்டு வகையைப் போட்டுவிட வேண்டாம். நெட்வொர்க் கார்டுக்கு இன்டெல் இ1000 போடுங்கள். லேப்டாப்பின் 2222 போர்ட்டை உள்ளே உள்ள 22க்குத் திருப்பிவிட்டால், எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு மூலம் கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் வசதி. இமேஜோடு வரும் விளக்கக் கோப்பில் பயனர் பெயர், கடவுச்சொல் விவரம் இருக்கும்.

உள்ளே போனதும், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவியின் பட்டியலைப் புதுப்பியுங்கள். அடுத்ததாக, திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் சர்வரையும் ஐஸ்டபிள்யூஎம் என்ற சின்ன விண்டோ மேனேஜரையும் நிறுவுங்கள். எக்ஸ்எஃப்சிஇ என்ற முழு டெஸ்க்டாப்பையும் முயலலாம், ஆனால் முதல் நாளில் தேவையில்லை. சாதாரணப் பயனராக எக்ஸ் தொடங்கவில்லை என்றால், எக்ஸ் சர்வரின் லெகசி பேக்கேஜை நிறுவி, யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்ற தேர்வைக் கொடுங்கள். கிராபிக்ஸ் முடுக்கம் இங்கே கிடையாது. திரையில் வருவதெல்லாம் சிபியு வரைவதுதான். வீடியோ எதிர்பார்க்காதீர்கள், எழுத்து வேலைக்குப் போதும்.

ஒரு பேக்கேஜை நிறுவுவதற்கு முன் ஆப்ட்டின் ஒத்திகைத் தேர்வைப் போட்டுப் பாருங்கள். எதுவும் நிறுவாமல், என்னென்ன வரும், எது கிடைக்காது என்று அது சொல்லிவிடும். 72 சதவீதம் என்றால் நூற்றில் 28 இல்லை என்றுதானே பொருள். நமக்கு வேண்டிய பெரிய நிரல் அந்த 28இல் இருக்கலாம். அப்போது அதே வேலையைச் செய்யும் சின்ன நிரலைத் தேடுங்கள். பிடிஎஃப் பார்க்கவும் வலைப்பக்கம் படிக்கவும் டெபியனில் இலகுவான நிரல்கள் பல உண்டு. நிரல் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு எளிதாக இங்கே குடியேறும்.

தமிழ் சரியாக வருகிறதா?

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போவோம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது, நமக்கோ இதுதான் முக்கியம்.

எழுத்துருவில் சிக்கல் இல்லை. எழுத்துரு வெறும் தரவு என்பதால், எந்தக் கர்னலாக இருந்தாலும் அதே கோப்பு வேலை செய்யும். லோஹித் தமிழ் பேக்கேஜை நிறுவுங்கள். மொழி அமைப்பான லோக்கேலை யூடிஎஃப்-8க்கு மாற்றுங்கள்.

சிக்கல் எழுத்தைக் கோக்கும் இடத்தில் வருகிறது. "கெ" என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், ஆனால் சேமிக்கப்படும் வரிசையில் அது பின்னால்தான் இருக்கிறது. இதை இடம் மாற்றி வரைவது ஹார்ஃப்பஸ் போன்ற நூலகத்தின் வேலை. ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள் பாங்கோ நூலகம் வழியாக அதைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ஹர்டிலும் அவற்றில் தமிழ் சரியாக வரும். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் அதைச் செய்யாது. எக்ஸ்டெர்முக்குள் விம் திறந்து தமிழைப் பார்த்துவிட்டு ஹர்டில் தமிழ் உடைகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். "கொடுத்தான்", "ஸ்ரீ", "மௌனம்" என்ற மூன்று சொற்களை எந்த நிரலிலும் ஒட்டிப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் அந்த நிரலை நம்பலாம்.

தட்டச்சுக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. எக்ஸ் சர்வரின் விசைப்பலகை அமைப்பிலேயே இந்தியா என்ற தேர்வின் கீழ் தமிழ்நெட் 99 (தமிழ்99) விசை அமைப்பு இருக்கிறது. பின்னணியில் தனியாக எதுவும் ஓட வேண்டியதில்லை என்பதால் புதிய சிஸ்டங்களில் இதுதான் குறைவாகத் தகராறு செய்யும். இன்னொன்று ஈமாக்ஸ் எடிட்டர். அதற்குள்ளேயே தமிழ் ஐட்ரான்ஸ் உள்ளீட்டு முறை இருக்கிறது, 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸும் சேர்ந்துவிட்டது. ஹர்டில் தமிழ்க் கடிதம் அடிக்க என் தேர்வு ஈமாக்ஸ்தான். ஒரே நிரலில் எழுதுவது, கோப்பு பார்ப்பது, தேடுவது எல்லாம் முடிகிறது.

அச்சடிப்பதற்கு ஹர்டுக்குள் பிரின்டர் அமைக்க முயன்று நாளை வீணாக்காதீர்கள். கோப்பை எஸ்எஸ்ஹெச் வழியாக லேப்டாப்புக்கு எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் கடைக்குக் கொண்டுபோய்விடலாம்.

உடைத்துப் பாருங்கள்

நான்கு வேலைகளும் முடிந்தபின் ஒன்று செய்யுங்கள். கன்சோலில் ரூட் ஆக நுழைந்து, பிஎஃப்ஐநெட் என்ற ப்ராசஸைக் கொன்றுவிடுங்கள். ஹர்டின் நெட்வொர்க் அடுக்கே அதுதான். எஸ்எஸ்ஹெச் வழியாக இதைச் செய்தால் உங்கள் இணைப்பே அறுந்துவிடும், அதனால் கன்சோலில் செய்யுங்கள். ஈமாக்ஸில் பாதி அடித்த கடிதம் அப்படியே இருக்கும். அடுத்த முறை ஒரு நிரல் நெட்வொர்க்கைக் கேட்கும்போது அந்த சர்வர் மறுபடி எழும். ஐபி முகவரியை மட்டும் மறுபடி வாங்கச் சொல்ல வேண்டியிருக்கலாம். லினக்ஸில் நெட்வொர்க் அடுக்கு கர்னலுக்குள் இருக்கிறது. அதை இப்படிக் கொல்ல வழியே இல்லை. உள்ளே ஏதாவது கெட்டுப்போனால் கணினியே நின்றுபோகலாம்.

ஆண்ட்ரூ டேனன்பாமின் மினிக்ஸ் 3 இதே யோசனையை டிரைவர் வரைக்கும் கொண்டுபோனது. செத்த டிரைவரை எழுப்பவே அதில் தனி சர்வர் உண்டு. அதன் 3.3.0 பதிப்பு 2014இல் வந்தது, அதற்குப் பிறகு பெரிய வெளியீடு இல்லை. அதனால் அன்றாட வேலைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். படிப்பதற்கு அருமையான கோட். 2015க்குப் பிறகு வந்த பல இன்டெல் கணினிகளின் மேனேஜ்மென்ட் என்ஜினுக்குள் ஓடுவது மினிக்ஸ் 3இலிருந்து வந்த சிஸ்டம்தான் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ரெடாக்ஸ்: புதிதாகக் கட்டப்படும் வீடு

ஜெரமி சோலர் 2015இல் தொடங்கிய ரெடாக்ஸ், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. கர்னல், டிரைவர்கள், ஆர்பிட்டல் என்ற விண்டோ அமைப்பு, ரெல்இப்சி என்ற சி நூலகம் என எல்லாமே அதன் சொந்தத் தயாரிப்பு. டெஸ்க்டாப் இமேஜை இறக்கி, க்யூஎமுவில் 2 ஜிபி ரேமும் இ1000 கார்டும் கொடுத்தால் எழுந்துவிடும். பயனர் பெயர் யூசர், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை.

காஸ்மிக் டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளர், எடிட்டர், டெர்மினல் மூன்றும் இங்கே ஓடுகின்றன. லினக்ஸில் ஓடும் அதே நிரல்கள்தான் இவை. இவற்றின் எழுத்து வரையும் பகுதியான காஸ்மிக் டெக்ஸ்ட், ஹார்ஃப்பஸின் ரஸ்ட் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே தமிழ் எழுத்துரு ஒன்றை உள்ளே சேர்த்தால் எடிட்டரில் கோப்பு சரியாகத் திறக்கும். உலாவி நெட்சர்ஃப். அது இங்கே தன் எளிய ஃபிரேம்பஃபர் முகத்தோடு வருகிறது. அந்த முகம் எழுத்தைக் கோப்பதில்லை, அதனால் தமிழ்ப் பக்கங்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். ஆங்கிலப் பக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பிலிருந்து கோப்பை உள்ளே அனுப்ப எளிய வழி: லேப்டாப்பில் பைத்தானின் சின்ன வெப் சர்வரை ஓட்டிவிட்டு, ரெடாக்ஸ் டெர்மினலில் கர்ல் கட்டளைக்கு 10.0.2.2 என்ற முகவரியைக் கொடுங்கள். க்யூஎமுவின் சாதாரண நெட்வொர்க்கில் அந்த முகவரி எப்போதும் வெளியே உள்ள கணினியைக் குறிக்கும்.

ரெடாக்ஸில் இன்று தினசரி வேலை செய்ய முடியாது. ஆனால் ரஸ்ட் தெரிந்த மாணவர் பங்களிக்க இதைவிடத் திறந்த இடம் கிடைப்பது அரிது.

ஸ்கல்ப்ட்: தினமும் உட்கார்ந்து வேலை செய்ய

ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முளைத்த ஜெனோட் கட்டமைப்பின் மேல் நிற்பது ஸ்கல்ப்ட் ஓஎஸ். 2018இல் முதலில் வந்தது. ஜெனோட் பல கர்னல்களின் மேல் ஓடக்கூடியது, நோவா, எஸ்இஎல்4 இரண்டும் அதில் அடக்கம். இதை எழுதுபவர்கள் தங்கள் அன்றாட வேலைக்கே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு இதன்மேல் நம்பிக்கை வரக் காரணம்.

இமேஜ் மிகச் சிறியது. பென்டிரைவில் எழுதி நேரடியாகப் பூட் செய்யுங்கள், வட்டில் எதையும் தொடாது. எழுந்ததும் பெட்டிகளும் கோடுகளுமாக ஒரு வரைபடம் தெரியும். ஒவ்வொரு பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பகுதி, ஒவ்வொரு கோடும் அதற்குக் கொடுக்கப்பட்ட ஓர் உரிமை. எஃப்12 விசை இந்த வரைபடத்துக்கும் சாதாரணத் திரைக்கும் மாற்றும்.

முதலில் சேமிப்பிடத்தைத் தேர்ந்தெடுங்கள். சோதித்துப் பார்க்க ரேமையே சேமிப்பிடமாக வைக்கலாம், அணைத்ததும் எல்லாம் போய்விடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வட்டில் ஒரு பகுதி ஒதுக்குங்கள். அடுத்து நெட்வொர்க்கை இணையுங்கள். பிறகு கூட்டல் குறியைத் தட்டினால் பேக்கேஜ் பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், இதன் திரை எங்கே, கோப்புகள் எங்கே, நெட்வொர்க் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று கொடுத்துவிடாதீர்கள். இந்த சிஸ்டத்தின் உயிரே அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. உலாவிக்கு ஒரே ஒரு கோப்புறையைக் காட்டினால், அதன் கண்ணுக்கு உலகத்தில் வேறு கோப்பே கிடையாது. வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் பாஸ்புக் பக்கமும் ஸ்கேன் செய்து கிடக்கும் கடைக் கணினிகளை நினைத்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

குரோமியத்தின் எஞ்சினைக் கொண்ட ஃபால்கன் உலாவி இங்கே நேரடியாகவே ஓடும். யூனிக்ஸ் ஷெல்லும் விம்மும் உண்டு. லிப்ரே ஆபீஸ் மாதிரி பெரியவற்றுக்கு மூன்றாவது வழியைப் பிடியுங்கள். ஜெனோடுக்கு மாற்றி எழுதப்பட்ட விர்ச்சுவல்பாக்ஸ் 6 பேக்கேஜ் இருக்கிறது. அதற்குள் டெபியன் நிறுவி, தமிழ் எழுத்துரு, தமிழ்99, ஆபீஸ், பிரின்டர் எல்லாவற்றையும் வழக்கம்போல் அமைத்துக்கொள்ளலாம். இங்கே விர்ச்சுவல்பாக்ஸே ஒரு சாதாரணப் பகுதிதான். உள்ளே இருக்கும் லினக்ஸ் முழுவதும் கெட்டாலும், நீங்கள் அதற்குக் கொடுத்த கோடுகளைத் தாண்டி எதையும் தொட முடியாது.

மெய்நிகர் கணினியில் லினக்ஸ் ஓட்டினால் மைக்ரோகர்னல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேலைகளைப் பிரித்து வைக்கத்தான். பணம் கட்டும் உலாவி ஒரு பெட்டியில், வந்த மின்னஞ்சல் இணைப்புகளைத் திறக்கும் லினக்ஸ் இன்னொரு பெட்டியில். இரண்டுக்கும் நடுவே கோடு கிடையாது.

சொந்த நிரலைக் கொண்டுபோவது

ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொள்ள இதுதான் நல்ல பகுதி. ஹர்டில் ஒரு சி நிரல் கம்பைல் ஆகவில்லை என்றால் முதலில் பாத்மேக்ஸ் என்ற மாறிலியைத் தேடுங்கள். கோப்புப் பாதையின் நீளத்துக்கு ஹர்ட் உச்சவரம்பு வைக்கவில்லை, அதனால் அந்த மாறிலியே அங்கே கிடையாது. நிலையான நீளத்தில் அரே எடுத்த இடங்களை, தேவைக்கேற்ப மெமரி ஒதுக்கும்படி மாற்ற வேண்டும். இது நிரலையும் நல்லதாக்கும் திருத்தம்.

அடுத்தது ஈபோல், ஐநோட்டிஃபை போன்ற லினக்ஸுக்கே உரிய அழைப்புகள். ஹர்டில் ஈபோல் இல்லை, போல் அல்லது செலெக்டுக்கு மாற்றுங்கள். ரெடாக்ஸின் சி நூலகம் ஈபோலைத் தன் நிகழ்வு அமைப்பின் மேல் கட்டிக் கொடுக்கிறது. ஜெனோடின் சி நூலகம் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்தது, ஆகவே பிஎஸ்டியில் ஓடும் நிரல் அங்கே பாதி தூரம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, ப்ராக் கோப்புறைக்குள் எதையாவது படிக்கும் வரிகளைத் தேடிப் பாருங்கள். லினக்ஸில் அங்கே இருப்பதெல்லாம் மற்ற இடங்களிலும் இருக்கும் என்று எண்ணி எழுதியவை அவை.

திருத்தத்தைச் செய்ததும் உங்கள் வட்டிலேயே வைத்துக்கொள்ளாமல், அந்த நிரலின் மூல ஆசிரியருக்கே அனுப்புங்கள். லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் ஒருமுறை கம்பைல் செய்து சோதித்துவிட்டு அனுப்பினால், ஏற்றுக்கொள்வது அவர்களுக்கும் எளிது. ஏற்றுக்கொண்டபின் டெபியன் அதை ஹர்டுக்கும் தானாகவே கம்பைல் செய்துகொள்ளும்.